நிறைவிலிருந்து ஈதல்

நாள்தோறும் வண்டி ஓட்டுகிறவர்களுள் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிராத உறுப்பு ஒன்று அவர்களது வண்டியிலேயே உண்டு. பெட்ரோல் டாங்கிக்குள் மூழ்கிக் கிடக்கும் சிறு மின்பம்புதான் அது. சாவியைத் திருப்பியவுடன் பின்புறத்தில் இரண்டு நொடி மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்குமே, அது இதன் குரலே. அந்தக் குரல் ஒலிக்கும் நாளெல்லாம் இதை எவரும் நினைப்பதில்லை. ஒலிக்காத நாளில் வேறு எதையும் நினைக்க முடிவதில்லை.

குருவானவர் ஒருவர் பம்பைப் பற்றி எழுதுவது வாசக அன்பர்களுக்கு வியப்பளிக்கலாம். வலையையும் விளக்கையும் புளிப்புமாவையும் எடுத்துக்காட்டி விண்ணரசைப் போதித்தவர் நம் ஆண்டவர். அவரது பள்ளியில் பயின்றோர்க்கு எந்தக் கருவியும் அயலானதன்று.

கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகளில் பம்பு எஞ்சினை ஒட்டியே இருந்தது. டாங்கியிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. சதுர அங்குலத்துக்கு 5 அல்லது 6 பவுண்டு அழுத்தமே போதுமானதாயிருந்தது. கடுங்கோடையில் குழாயிலுள்ள பெட்ரோல் சூடேறி ஆவியாகிவிட்டால், பம்பு ஆவியை உறிஞ்சி ஏமாந்து நிற்கும், வண்டியும் நின்றுவிடும். எரிபொருளைத் தூவிச் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் முறை 1980களில் அமெரிக்க வண்டிகளில் பரவியபோது, அவற்றுள் பலவற்றுக்கு 40 முதல் 60 பவுண்டு வரை அழுத்தம் தேவைப்பட்டது. ஆகவே பம்பை டாங்கிக்குள்ளேயே இறக்கி வைத்தனர். தொலைவிலிருந்து உறிஞ்சுவதைக் காட்டிலும் அடியிலிருந்து தள்ளுவது எளிது.

மின்சாரத்தால் சுழலும் மோட்டாரைப் பெட்ரோலுக்குள் வைத்தால் தீப்பற்றாதா என்னும் ஐயம் எழுவது இயல்பு. நெருப்புக்குக் காற்று வேண்டும். டாங்கிக்குள் பெட்ரோலும் அதன் அடர்ந்த ஆவியும் நிறைந்திருப்பதால், தீ மூள்வதற்கு வேண்டிய அளவு காற்று அங்கே இல்லை. இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. அந்தப் பெட்ரோல்தான் மோட்டாருக்குள் புகுந்து ஓடி அதன் சூட்டைத் தணிக்கிறது. தேயும் பாகங்களுக்கு வழுவழுப்பையும் தருகிறது. எதைப் பிறருக்கு அனுப்புகிறதோ, அதற்குள்ளேயே மூழ்கியிருந்து பம்பு உயிர் வாழ்கிறது. நாம் சொல்ல விழையும் செய்தி முழுவதும் இந்த ஓர் அமைப்பில் அடங்கியிருக்கிறது எனலாம்.

இந்தியாவிலிருந்து சென்ற குருக்கள் பலர் அமெரிக்க நாட்டின் சிற்றூர்ப் பங்குகளில் பணிபுரிவதை வாசகர் அறிவர். நாம் பணியாற்றுவது கன்சாஸ் மாநிலத்தின் மேற்குச் சமவெளியில். கண்ணுக்கெட்டிய தொலைவெல்லாம் கோதுமை வயல். அதன் நடுவே, ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நிற்கும் மூன்று ஆலயங்கள் நம் பொறுப்பில் உள்ளன. இப்பகுதிக் கத்தோலிக்கருள் பலர், ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்திருந்து 1876 முதல் இங்கே குடியேறிய ஜெர்மானியரின் வழிவந்தோர். விக்டோரியா என்னும் சிற்றூரில் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லால் அவர்கள் எழுப்பிய புனித பிதேலிஸ் ஆலயம் 1911இல் அர்ச்சிக்கப்பெற்றது. 2014இல் சிறு பசிலிக்காவாக உயர்வு பெற்றது. அதன் கற்களைப் பங்கு மக்களே வண்டிகளில் ஏற்றி வந்து சேர்த்தனர். கொடுக்கத் தெரிந்த மக்கள் இவர்கள். கேட்கத் தெரியாத மக்களும் இவர்களே.

நம் பங்குக்கு 1990களில் செய்யப்பட்ட பிக்கப் வண்டி ஒன்று உண்டு. உணவு வங்கியிலிருந்து ஏழைக் குடும்பங்களுக்குரிய பொருட்களை ஏற்றி வரவும், பங்குத் திருவிழாவுக்கு நாற்காலிகளைச் சுமக்கவும் அதுவே துணை. தேவைப்படுகிறவர் எடுத்து ஓட்டுவர். அதன் பெட்ரோல் முள் நெடுங்காலமாகப் பாதி அளவிலேயே நிலைத்து நின்றுவிட்டதால், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய வழியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் அதன் மெல்லிய ரீங்காரம் உரத்த முனகலாயிற்று. சுமையோடு மேடேறுகையில் எஞ்சின் தயங்கிற்று. ஒருநாள் ஆலய முற்றத்திலேயே வண்டி அசையாமல் நின்றுவிட்டது.

பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், எழுபது வயதைக் கடந்த கோதுமை விவசாயி, தம் கருவிப் பெட்டியோடு வந்தார். "நாமே பார்த்துவிடலாம், ஃபாதர்" என்றார். நினைவிழப்பு நோயால் நான்கு ஆண்டுகளாக வாடிய தம் துணைவியாரையும் அழைத்து வந்திருந்தார். தனியே விட்டுவர இயலாது. பிள்ளைகள் தொலைநகரங்களில் இருந்தனர். அம்மையாரைப் பங்கு இல்லத்தின் சமையலறைச் சாளரத்தருகே அமர்த்தினோம். பங்கில் எவர் நலம் கேட்டாலும் "எல்லாம் நலம்" என்பதே பெரியவரின் விடை. அந்த வண்டியின் முள்ளைப் போல அதுவும் எப்போதும் ஒரே அளவையே காட்டிற்று.

அவர் உடனே பம்பைக் கழற்றப் புகவில்லை. முதலில் ஃப்யூஸைப் பார்த்தார். ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்த்தார். டாங்கிக்குச் செல்லும் வயரில் மின்சாரம் வருகிறதா என்று சோதித்தார். சிறு ரிலே ஒன்று கெட்டிருக்க, நல்ல பம்பைத் தூக்கி எறிவோர் உண்டாம். மின்சாரம் ஒழுங்காக வந்தும் பம்பு ஒலிக்கவில்லை. அப்போது ரப்பர் சுத்தியலால் டாங்கியின் அடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். பம்பு முனகிக்கொண்டு சுழன்றது. எஞ்சின் உயிர் பெற்றது. நம் மகிழ்ச்சியைக் கண்டு அவர் தலையை அசைத்தார்.

"குணமானதற்கு இது அடையாளம் இல்லை, ஃபாதர். சாகப் போகிற பம்புதான் தட்டினால் ஓடும். தட்டித் தட்டி இன்னும் இரண்டு மூன்று தடவை ஓட்டலாம். அப்புறம் நடுவழியில் விட்டுவிடும்."

அந்தத் தட்டல் நம் சிந்தையில் தங்கிவிட்டது. குடும்பத்திலும் திருச்சபையிலும் இத்தகைய தட்டல்களுக்குக் குறைவில்லை. களைத்து நிற்கும் ஒருவரிடம், "உம்மை விட்டால் வேறு யார் இருக்கிறார்?" என்பார்கள். "இதுவரை செய்துவிட்டு இப்போது விடலாமா?" என்பார்கள். அவரும் எழுந்து இன்னொரு சுற்று ஓடுவார். ஓடுகிறாரே, ஆகவே நலமாயிருக்கிறார் என்று உலகம் முடிவு செய்துகொள்ளும்.

வேலை திறந்த வெளியில் நடைபெற்றது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று எங்கோ எரியும் சிறு சுடரையும் சேர்ந்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிக் குழாயிலிருந்த அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே பெரியவர் மற்றவற்றில் கை வைத்தார். டாங்கியைக் கீழே இறக்கிப் பம்பை எடுப்பது ஒரு வழி. வண்டியின் பின்னுள்ள சரக்குப் பெட்டியை நகர்த்தி மேலிருந்து எடுப்பது மற்றொரு வழி. வண்டிக்கடியில் மல்லாந்து கிடக்க அவர் வயது இடந்தராததால் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். பெட்டியைச் சேசிஸோடு பிணைத்திருந்த எட்டு போல்ட்டுகளும் துருவேறியிருந்தன. முதல் நாள் மாலையே அவற்றில் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். மறுநாள் அவற்றையும், விளக்குகளுக்கான வயர்களையும், பெட்ரோல் ஊற்றும் வாயின் திருகுகளையும் கழற்றியபின், பங்கு இளைஞர் இருவரும் அவரும் நாமுமாக மூலைக்கொருவர் பிடித்துப் பெட்டியைப் பின்னுக்கு நகர்த்தினோம்.

டாங்கியின் தலைப்பகுதி வெளியே தெரிந்தது. ஆண்டுக்கணக்கான சமவெளிப் புழுதி அதன்மேல் படிந்திருந்தது. ஒரு துகளும் உள்ளே விழாதபடி அதை முழுவதும் துடைத்தெடுத்தார். பம்பைப் பிடித்திருந்த பூட்டு வளையத்தின்மேல் பித்தளைக் கம்பி ஒன்றை வைத்து மெல்லத் தட்டித் திருப்பினார். இரும்போடு இரும்பு மோதினால் பொறி பறக்கும்; பித்தளையில் அந்த அச்சம் இல்லை. பம்பு வெளியே வந்தது. அதன் உலோகம் சூட்டினால் நிறம் மாறியிருந்தது. டாங்கியின் அடியில் இரண்டு விரற்கடை அளவே பெட்ரோல் கிடந்தது.

பெரியவர் நமக்கு விளக்கினார். எஞ்சினுக்கு வேண்டியதைவிட மிகுதியாகவே பம்பு அனுப்புமாம். மிஞ்சியது எஞ்சினின் வெம்மையை ஏற்று மீண்டும் டாங்கிக்கே திரும்பும். டாங்கி நிறைந்திருந்தால் அந்தச் சூடு அதில் கரைந்துபோகும். அடியில் கொஞ்சமே இருந்தால், அதே பெட்ரோல் சுற்றிச் சுற்றி வந்து மேலும் மேலும் சூடேறும். குளிர்விக்க வேண்டியதே சுடத் தொடங்கிவிடும்.

"இது உழைத்துச் சாகவில்லை, ஃபாதர். வறட்சியில் ஓடிச் செத்திருக்கிறது" என்றார். சொல்லிவிட்டு, பம்பைக் கையில் பிடித்தபடியே சமையலறைச் சாளரத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

இரவு முழுவதும் உறங்கி எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டோம்.

"போன வருடம் கோதுமை விதைக்கிறதற்கு முன்னால்" என்றார்.

கன்சாஸில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விதைத்து அடுத்த ஜூனில் கோதுமையை அறுப்பர். அவர் இதைச் சொன்னபோது வயலெங்கும் கதிர் வெளிவந்திருந்தது. அம்மையார் நள்ளிரவில் எழுந்து, வாசற்கதவைத் திறந்து, எப்போதோ இல்லாமற்போன தம் தாய்வீட்டைத் தேடிப் புறப்பட்டுவிடுவாராம். ஆகவே இவர் கதவருகே நாற்காலியைப் போட்டு அதிலேயே கண்ணயர்வாராம். பங்கிலிருந்து யாரையேனும் உதவிக்கு அனுப்பலாமா என்றதற்கு, உடனே முகம் மாறிற்று. "என் மனைவியை நான் பார்த்துக்கொள்வேன். பீடத்தின் முன்னால் வாக்குக் கொடுத்தவன் நான்தானே?" என்றார். அந்த வாக்கின் முன் நாம் தலைவணங்கினோம். எனினும் அவர் கையில் இருந்த கருகிய பம்பையும் நம் கண்கள் கண்டுகொண்டிருந்தன.

அவ்வேளையில் நம் நினைவுக்கு வந்தவர் புனித பெர்நார்து. இனிமைமிகு பாடலைப் பற்றி 1135இல் தொடங்கி 1153இல் இறக்கும்வரை அவர் ஆக்கிய 86 மறையுரைகளுள் பதினெட்டாவதில், வாய்க்காலையும் நீர்த்தேக்கத்தையும் ஒப்பிடுகிறார். வாங்கிய கணமே விட்டுவிடுவது வாய்க்காலின் இயல்பு. நிறையும்வரை பொறுத்திருந்து, தனக்குக் குறைவின்றி மிகுதியை வழங்குவது நீர்த்தேக்கத்தின் இயல்பு. திருச்சபையில் வாய்க்கால்கள் மிகுந்து நீர்த்தேக்கங்கள் அருகிவிட்டன என்பது அவரது கவலை. ஏரிப்பாசனத்தை அறிந்த தமிழருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. நிறைந்த ஏரி கலிங்கு வழியே வழிந்து அடுத்த ஏரியையும் நிரப்பும். வற்றிய ஏரியின் மதகைத் திறந்தால் சேறுதான் வரும்.

இவ்வாறு எழுதிய பெர்நார்துவோ, கடுந்தவத்தில் அளவு கடந்து இளமையிலேயே உடல் நலிந்தவர். ஷாலோன் நகர ஆயரான ஷாம்போ வில்லியம் தலையிட்டு, ஓராண்டுக்கு அவரைத் தமக்குக் கீழ்ப்படியச் செய்து, மடத்தின் பொறுப்புகளிலிருந்து விலக்கி, தனிக்குடிலில் ஓய்வு கொள்ள வைத்தார். வழங்குகிறவருக்குத் தாமாக நிற்கத் தெரிவதில்லை. யாரேனும் ஒருவர் நிறுத்த வேண்டியிருக்கிறது.

அந்த ஆயருக்கு இருந்த அதிகாரம் ஒரு குடும்பத் தலைவர்மேல் பங்குக்குருவுக்கு இல்லை. ஆகவே பெரியவரின் சொந்த நியாயத்தையே எடுத்துப் பேசினோம். அண்டை வயலார் அறுவடைக்கு வந்து கைகொடுத்தால், அவர் வயலுக்குப் போய் உழைத்து ஈடுசெய்வது உழவர் வழக்கம். நம் ஊர் மொய்யைப் போல, வாங்கியதைத் திருப்பாமல் இருப்பது இழுக்கு. "நீங்கள் இரண்டு நாள் பங்குக்கு உழைத்திருக்கிறீர்கள். மெக்கானிக் கடைக்குப் போயிருக்க வேண்டிய கூலியைப் பங்கு உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆலயத்தைக் கடனாளியாக நிறுத்தி வைப்பது உங்களுக்குச் சம்மதமா?" என்றோம். அவர் சிரித்துவிட்டார். "இரண்டு நாளுக்குத்தான் கணக்கு" என்றார். கணக்கு எப்போது தீர்கிறது என்பதைப் பங்குப்பேரவை பார்த்துக்கொள்ளும் என்று விடையளித்தோம்.

புதிய பம்பு, புதிய ஓ-ரிங், புதிய வடிகட்டி ஆகியவற்றைப் பொருத்தினார். முள்ளுக்கு அளவு சொல்லும் மிதவையும் பம்போடு சேர்ந்தே வந்ததால், நெடுநாளுக்குப்பின் முள்ளும் உண்மை பேசலாயிற்று. அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய், வெள்ளி பிற்பகல்களில் பங்குப் பெண்கள் இருவர் அம்மையாருக்குத் துணையிருந்தனர். வாரத்தில் ஓர் இரவு, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் அவ்வீட்டில் தங்கினார். முதல் சில வாரங்கள் பெரியவர் அப்பிற்பகல்களில் எங்கும் செல்லவில்லை. ஆலயத்துக்கு வந்து கடைசி இருக்கையில் அமர்ந்துகொள்வார். செபித்தாரா, உறங்கினாரா என்று நாம் கேட்கவில்லை. இரண்டும் ஒரே தந்தையின் மடியில்தான் அன்றோ!

அம்மையாரின் நோய் குறையவில்லை. அது குறையும் நோயுமன்று. ஆனால் அவர் ஒரே கேள்வியைப் பத்தாம் முறை கேட்டபோதும், முதல் முறை கேட்டாற்போலவே விடையளிக்கப் பெரியவரால் முடிந்தது. நிறைந்த ஏரிக்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா?

இங்கே ஒரு வினா எழலாம். கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கினார் என்று பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் கூறவில்லையா? தன் பிழைப்புக்குரிய அனைத்தையும் காணிக்கை போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் பாராட்டவில்லையா? உண்மையே. ஆயினும் அவர் தம்மை வெறுமையாக்கியது தந்தையோடு ஒன்றித்திருந்த நிறைவிலிருந்து. அந்த நிறைவிலிருந்தே நாம் யாவரும் பெற்றோம் என்று யோவான் சான்று பகர்கிறார். கைம்பெண்ணின் நிகழ்ச்சிக்குச் சற்று முன்னர்தான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரை ஆண்டவர் கண்டித்ததாக மாற்கு எழுதுகிறார். எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீடு திரும்பிய அப்பெண்ணுக்கு அன்றிரவு உணவளித்தவர் யார்? நற்செய்தி அதைச் சொல்லவில்லை. தொடக்கத் திருச்சபை கைம்பெண்களின் அன்றாடப் பந்திக்கென எழுவரை ஏற்படுத்திற்று என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. முழுவதையும் ஈவது கைம்பெண்ணின் மாண்பு. அவளைப் பட்டினி போடாதிருப்பது சபையின் கடமை.

அன்பர்களே, உங்கள் அன்பியத்தில் உள்ள வீடுகளை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பல ஆண்டுகளாகப் பேணிவரும் மருமகள் ஒருத்தி அங்கே இருப்பாள். தன்னாலொன்றும் செய்துகொள்ள இயலாத மகனைத் தோளில் தூக்கியே முதுமை எய்திய தகப்பன் இருப்பார். ஞாயிறு மறைக்கல்வி முதல் கல்லறைத் திருநாள் ஏற்பாடுவரை தனியே சுமக்கும் உபதேசியார் இருப்பார். திருவிழா மேடையில் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது எளிது. ஒரு பிற்பகல் அவர்களுடைய இடத்தில் போய் அமர்வதுதான் கடினம். அவர்களுக்கு வேண்டியதும் அதுவே. அன்பியத்தில் பத்து வீடுகள் இருந்து, வீட்டுக்கு மாதம் ஒரு பிற்பகல் என்று முறைவைத்தால், அந்த மருமகளுக்கு மாதத்தில் பத்துப் பிற்பகல்கள் கிடைக்கும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

கால் பங்குக்குக் கீழே இறங்கும்முன் டாங்கியை நிரப்பிவிடுங்கள் என்பது மெக்கானிக்குகள் பலரும் கூறும் அறிவுரை. ஈகையில் சிறந்தவர்கள் தங்கள் முள்ளைத் தாங்களே பார்ப்பதில்லை. பார்த்தாலும் உள்ளதைச் சொல்வதில்லை. ஆகவே "நலமா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே சென்று அமர்ந்து, "இரவில் உறங்குகிறீர்களா?" என்று கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள்.